சிப்பியின் உயிரணுச் சாவும் அதன் பரம்பரைக் கூறுகளும்

நெற்பயிரில் குலைநோய் இறங்கும் பருவத்தில், நோய்க்கு இடங்கொடுக்கும் ரகமொன்றும் நோயை எதிர்க்கும் ரகமொன்றும் அடுத்தடுத்த வயல்களில் நிற்கக் கண்ட குடியானவர்கள் ஒரு வேற்றுமையைக் கவனித்திருக்கக்கூடும். முதல் ரகத்தின் இலையில் கண்ணின் வடிவாக, நடுவே சாம்பல் நிறமும் ஓரத்தே பழுப்பு நிறமும் கொண்ட புள்ளிகள் நாளுக்கு நாள் விரிந்து, ஒன்றோடொன்று கூடி இலையையே கருக்கிவிடுகின்றன. இரண்டாவது ரகத்தின் இலையிலோ குண்டூசித் தலையளவான பழுப்புப் பொட்டுக்கள் தோன்றி, அவ்வளவோடு நின்றுவிடுகின்றன. நோயை உண்டாக்கும் பூஞ்சக்காளான் இரண்டு வயல்களிலும் ஒன்றுபோலவே வந்து விழுந்தது. ஆனால் எதிர்க்கும் ரகத்தில், காளான் புகுந்த இடத்திலிருந்த உயிரணுக்கள் தாமே விரைந்து மடிந்து, அதற்கு உயிருள்ள இரை கிடைக்காதபடி செய்துவிட்டன. இலையில் காணும் சிறு பொட்டு அந்தச் சாவின் தழும்பேயாகும். இலையிற் காணும் பழுப்புப் பொட்டு எல்லாமே இத்தகைய நற்குறி என்று எண்ணிவிடலாகாது. செத்த இழையையே விரும்பித் தின்னும் காளான்களும் உண்டு.

ஓர் உடலைக் காக்கும்பொருட்டு அதன் அணுக்களிற் சில தம்மைத் தாமே மாய்த்துக்கொள்ளும் இவ்வேற்பாடு பயிர்களுக்கு மட்டும் உரியதன்று. மனிதனிடத்தும், ஆடு மாடுகளிடத்தும், கடலடியில் ஓட்டுக்குள் அடங்கிக் கிடக்கும் சிப்பி மட்டிகளிடத்தும் அது காணப்படுகிறது. பிராணிகளில் இது நடைபெறும் முறை பயிர்களின் முறையினின்று வேறுபட்டதாயினும், நோக்கம் ஒன்றே. சிப்பியினத்தில் இவ்வேற்பாடு பிற பிராணிகளிடம் காணப்படாத அளவு விரிந்து வளர்ந்திருப்பதும், சிப்பி வளர்ப்போருக்குப் பெருநஷ்டம் விளைத்த நோய்களிற் சில இதனோடு சம்பந்தப்பட்டிருப்பதும் அண்மைக் காலத்து ஆராய்ச்சிகளால் தெரியவந்துள்ளன. கடலோரக் கிராமங்களின் அதிகாரிகளும், கழிமுகத்தை அடுத்து நிலம் உடையவர்களும் இதனை அறிந்திருத்தல் நலம். விதைத் தேர்வில் அக்கறையுள்ள உள்நாட்டு விவசாயிகளுக்கும் இதில் பயனுண்டு.

சாவு இரு வகை

உயிரணு மடிவதில் இரண்டு விதங்கள் உள்ளன. அடிபட்டோ, வெந்தோ, விஷத்தாலோ சாகும் அணு வீங்கி வெடித்து, உள்ளிருப்பதை எல்லாம் வெளியே கொட்டிச் சுற்றிலும் வீக்கத்தையும் அழற்சியையும் உண்டாக்கும். மற்றொரு விதம் ஒழுங்கானது. வாடகை வீட்டைக் காலி செய்யும் கண்ணியமான குடித்தனக்காரர் சாமான்களை மூட்டை மூட்டையாகக் கட்டி வைத்து, அடுப்பை அவித்து, கதவைச் சாத்திச் செல்வது போல, அணுவானது சுருங்கி, தன் உட்கருவைத் துண்டு துண்டாக நறுக்கி, தன்னைச் சிறு பொட்டலங்களாகப் பிரித்துக்கொள்கிறது. பக்கத்திலுள்ள அணுக்கள் அப்பொட்டலங்களை விழுங்கிவிடுகின்றன, அழற்சி உண்டாவதில்லை.

இவ்விரண்டாவது விதத்திற்கு 1972ஆம் வருஷத்தில் கெர், வில்லி, கரி என்னும் மூவர் 'அப்போப்டோசிஸ்' என்று பெயரிட்டனர். ஸ்காட்லாந்து தேசத்து அபர்தீன் சர்வகலாசாலையில் கிரேக்க மொழிப் பேராசிரியராயிருந்த கார்மக் என்பவர் எடுத்துக் கொடுத்த சொல் அது. மரத்தினின்று இலை உதிர்தல், மலரினின்று இதழ் உதிர்தல் என்பது அதன் பொருள். மரம் பட்டுப்போவதற்கும் பழுத்த இலை உதிர்வதற்கும் உள்ள பேதத்தை நன்கறிந்த விவசாயிக்கு இப்பெயரின் பொருத்தத்தை விளக்க வேண்டுவதில்லை. குளத்துத் தலைப்பிரட்டை தவளையாகும்போது அதன் வால் அறுந்து விழுவதில்லை. வாலிலுள்ள அணுக்கள் இம்முறையில் மடிந்து உடலுக்குள்ளேயே கரைகின்றன.

இச்சாவு தற்செயலாய் நேர்வதன்று, பரம்பரையாய் வரும் கட்டளைக்கு உட்பட்டது என்பதை மெய்ப்பித்தது மண்ணில் வாழும் ஒரு சிறு புழு. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள அதன் உடலில் வளர்ச்சியின்போது 1,090 அணுக்கள் தோன்றுகின்றன. அவற்றில் 131 குறித்த வேளையில் மடிந்துபோக, 959 எஞ்சுகின்றன. எந்த 131, எப்பொழுது என்பது புழுவுக்குப் புழு மாறுவதில்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட ஜீன், அதாவது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் பரம்பரைக் கூறு, பழுதாகிவிட்ட புழுக்களில் சாகவேண்டிய அணுக்கள் சாகாமல் நின்றுவிட்டன. இவ்வாராய்ச்சிகளுக்காக சிட்னி பிரென்னர், ராபர்ட் ஹார்விட்ஸ், ஜான் சல்ஸ்டன் ஆகிய மூவருக்கும் 2002ஆம் ஆண்டு நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. புழுவிற் கண்ட அந்த ஜீன்களுக்கு இனமான ஜீன்கள் மனிதனிடத்தும் சிப்பியினிடத்தும் உள்ளன.

அவை செய்யும் வேலையைப் பின்வருமாறு புரிந்துகொள்ளலாம். 'காஸ்பேஸ்' எனப்படும் என்சைம்களே அணுவை நறுக்கும் கத்திகள். அவை எப்பொழுதும் உறையிலிட்டவையாய் அணுவினுள் தயாராக இருக்கின்றன. அணுவுக்குச் சக்தி அளிக்கும் மைட்டோகாண்டிரியா என்னும் சிற்றறைகளின் வாசலைத் திறந்து சாவுக்கு வழிவிடும் ஜீன்கள் சில. வாசலை அடைத்து வைக்கும் ஜீன்கள் சில. உட்கருவில் பழுது நேர்ந்தால் கண்டறிந்து, செப்பனிடு அல்லது சாகு என்று ஆணையிடும் காவல் ஜீன் ஒன்றுண்டு. அதற்கு 'பி-53' என்று பெயர். இவையன்றி, உறையினின்று கத்தி வெளிவந்த பின்னும் அதைப் பிடித்து நிறுத்தும் தடைக் கூறுகள் இருக்கின்றன. இவற்றைச் சுருக்கமாக 'ஐ.ஏ.பி.' என்பர். சிப்பியின் கதை பெரும்பாலும் இத்தடைக் கூறுகளைப் பற்றியதே.

பாறையைப் பற்றிய பிராணி

முட்டையினின்று வெளிவரும் சிப்பிக் குஞ்சு முதல் இரண்டு மூன்று வாரங்கள் கடலில் நீந்தித் திரிகிறது. நீந்துவதற்கு மயிரடர்ந்த துடுப்புப் போன்ற உறுப்பும், இடந்தேடி ஊர்வதற்கு ஒரு காலும் அதற்கு உண்டு. தக்க பாறையோ பழைய ஓடோ கிடைத்ததும் அதில் ஒட்டிக்கொள்கிறது. பின்னர் துடுப்பும் காலும் அதற்கு வேண்டுவதில்லை. தலைப்பிரட்டையின் வாலைப் போலவே அவ்வுறுப்புக்களின் அணுக்கள் கட்டளைப்படி மடிந்து மறைகின்றன. அதற்குமேல் சாகும்வரையில் சிப்பிக்கு இடப்பெயர்ச்சியே கிடையாது.

இடம் பெயரக் கூடாத பிராணி வருவதை எல்லாம் இருந்த இடத்திலேயே தாங்கவேண்டும். கடல் வற்றும்போது வெயிலிலும் காற்றிலும் மணிக்கணக்காகக் கிடக்கவேண்டும்; ஓட்டை இறுக மூடிக்கொண்டு பிராணவாயு இன்றி இருக்கவேண்டும்; மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் வந்து கடல்நீரின் உப்பைக் குறைத்தால் அதையும் பொறுக்கவேண்டும். இத்தகைய வருத்தங்கள் ஒவ்வொன்றும் சாதாரண அணுவுக்கு 'சாகு' என்னும் குறிப்பைத் தருவனவாம். ஒவ்வொரு குறிப்புக்கும் அணுக்கள் இணங்குமாயின், ஒரு கோடைப் பகலைச் சிப்பி கடக்க முடியாது.

சீனதேசத்து ஆராய்ச்சியாளர்கள் பிறநாட்டினரின் துணையோடு பசிபிக் சிப்பியின் பரம்பரைக் கூறுகள் அனைத்தையும் வரிசைப்படுத்தி 2012ஆம் ஆண்டு வெளியிட்டபோது இதற்கு விடை ஒன்று கிடைத்தது. மனிதனிடம் 8 தடைக் கூறுகளே இருக்க, பசிபிக் சிப்பியிடம் 48 இருப்பதாக அவர்கள் கண்டனர். வெப்பத்தால் உருக்குலையும் புரதங்களைத் தூக்கி நிறுத்தும் ஒரு வகை ஜீன் மனிதனிடம் 17 மட்டுமே, சிப்பியிடமோ 88. பின்னர் 2022இல் தடைக் கூறுகளை மட்டும் தனியே எடுத்துத் திருத்தமாக எண்ணியதில் பசிபிக் சிப்பிக்கு 40 என்றும், அமெரிக்காவின் கீழ்க்கரையில் வளரும் சிப்பிக்கு 69 என்றும் கணக்கிடப்பட்டது. எண்ணும் முறைக்குத் தக்கபடி தொகை ஏறியிறங்கினும், மனிதனைவிடப் பன்மடங்கு என்பதில் மாற்றமில்லை.

ஒரே ஜீன் இத்தனையாகப் பெருகியது எங்ஙனம்? மூலப்பத்திரம் ஒன்றிலிருந்து நகல் எடுக்கிறார்கள். அந்நகலிலிருந்து மற்றொரு நகல். ஒவ்வொரு முறையும் எழுதுபவர் ஓரிரு சொற்களைத் தவறவிடுகிறார். பல தலைமுறைகளுக்குப் பின் அந்நகல்கள் ஒன்றற்கொன்று ஒத்தும் வேறுபட்டும் நிற்கும். ஜீன்களிலும் இவ்வாறே நகல் பிறந்து, நகல் மாறி, சில வெப்பத்தின்போதும், சில கிருமி புகும்போதும் வேலை செய்யும்படி பிரிந்துள்ளன. கிராமக் கணக்கோடு பழகியவர்களுக்கு இவ்வுவமை கடினமாயிராது.

திருடன் கையில் வீட்டுத் திறவுகோல்

சிப்பிக்கு இரத்தம் உண்டெனினும் அது குழாய்களுக்குள் மட்டும் அடங்கி ஓடுவதன்று; உடலின் இழைகளூடே பரவி நிற்பது. அதில் மிதக்கும் இரத்த அணுக்களே சிப்பியின் காவற்படை. அந்நியக் கிருமியைக் கண்டால் அவை சூழ்ந்து விழுங்கிச் செரித்துவிடும். மாட்டுக்கும் மனிதனுக்கும் உள்ளதுபோல், ஒருமுறை கண்ட நோயை நினைவில் வைத்து அதற்கென்றே எதிர்ப்பொருள் செய்துகொள்ளும் திறமை சிப்பிக்கு இல்லை. ஆகவே கால்நடைகளுக்குப் போடும் தடுப்பூசி போன்றதொரு சாதனம் சிப்பி வளர்ப்போர் கையில் இல்லை. திறந்த கடலில் மருந்து தெளிப்பதும் ஆகாத காரியம். இது கருதத்தக்க விஷயம். விதையின் குணமும், வளர்க்கும் இடமும் காலமும் அன்றி வேறு பிடிமானம் அவர்களுக்குக் கிடையாது.

காவற்படையின் அணுவொன்று தன்னால் செரிக்க முடியாத கிருமியை விழுங்கிவிட்டால் அது செய்யத்தக்கது, கிருமி பெருகுமுன் அதனோடு கூடத் தானும் மடிவதேயாம். குலைநோயை எதிர்க்கும் நெல்லிலை செய்வதும் இதுவே. அமெரிக்காவின் மெக்ஸிகோ வளைகுடாக் கரையில் சிப்பிகள் திரளாய் மடிந்ததன் காரணத்தைத் தேடியபோது, 1950ஆம் ஆண்டு மாக்கின், ஓவன், காலியர் என்பவர்கள் ஓர் ஒட்டுண்ணியைக் கண்டு வெளியிட்டனர். அதற்கு இப்போது 'பெர்கின்ஸஸ் மரினஸ்' என்று பெயர். முதலில் அதைக் காளான் என்று கருதி வைத்த பெயரின் சுருக்கமான 'டெர்மோ' என்பதே நோயின் பெயராக இன்றும் வழங்குகிறது. இவ்வொட்டுண்ணியை இரத்த அணு விழுங்குகிறது; ஆனால் விழுங்கப்பட்டது சாவதில்லை. தன்னை எரிக்க வரும் இரசாயனங்களைத் தணித்துவிட்டு, விழுங்கிய அணு மடியாதபடியும் தடுக்கிறது. நோயுற்ற சிப்பிகளில் இரத்த அணுக்கள் மடியும் விகிதம் வழக்கத்தினும் குறைந்திருப்பதும், பரிசோதனைக் கூடத்தில் ஒட்டுண்ணியோடு சேர்த்து வைத்த அணுக்களில் சாவு தணிவதும் காணப்பட்டுள்ளன. காவற்காரன் தோளிலேயே ஏறிக்கொண்ட திருடன் ஊர் முழுதும் சுற்றிவருவதைப் போல, ஒட்டுண்ணி அவ்வணுவினுள் இருந்தபடியே பெருகிச் சிப்பியின் உடலெங்கும் பரவுகிறது.

இந்நோய் மெதுவாய்க் கொல்வது. நீர் சூடேறும் கோடையிலும் உப்பு மிகும் காலத்திலும் வலுத்து, குளிரில் அடங்கி, மறுகோடையில் மீண்டும் எழும். பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் வயதில், சந்தைக்கு அனுப்பும் பருவத்தை எட்டும் சமயத்தில் சிப்பி மடிகிறது. பாடுபட்டுக் கதிர் வாங்கிய பின் பயிர் பதராவதை ஒத்த நஷ்டம் இது. வெளித்தோற்றத்தால் நோயை உறுதிசெய்ய இயலாது. சாமி ரே என்னும் அமெரிக்கர் 1952இல் கண்ட முறைப்படி, சிப்பியின் இழையைத் தையோகிளைகோலேட் கரைசலில் சில நாட்கள் ஊறவைத்து அயோடின் இட்டால், ஒட்டுண்ணிகள் வீங்கிக் கருநீல உருண்டைகளாய்த் தெரியும்.

பிரெஞ்சு தேசத்தில் நேர்ந்ததோ மெதுவானதன்று. அங்குள்ளோர் சிப்பிக் குஞ்சுகளை வலைப்பைகளில் இட்டு, கடல் வற்றும்போது வெளித்தோன்றும் தரையில் நிறுத்திய இரும்பு மேடைகளின்மீது வைத்து வளர்க்கின்றனர். 2008ஆம் ஆண்டுக் கோடையில், ஒரு வயது நிரம்பாத பசிபிக் சிப்பிக் குஞ்சுகள் அந்நாட்டுக் கரையின் பல பகுதிகளிலும் நூற்றுக்கு 40 முதல் 100 வரை மடிந்தன. பையைத் தூக்கி உதறினால் வெற்றோடுகளின் ஓசையே கேட்கும் நிலை. காரணம் ஹெர்ப்பீஸ் வகையைச் சேர்ந்த ஒரு வைரஸ். பழைய வைரஸினின்று மாறுபட்டுக் கொடுமை மிக்கதாய் எழுந்தது அது. கடல்நீரின் வெப்பம் ஏறக்குறைய 16 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டியதும் அது தலையெடுக்கிறது. 2010இல் நியூஸிலாந்திலும் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்திலும், 2016இல் டாஸ்மேனியாவிலும் அதே வகை வைரஸ் சேதம் விளைத்தது.

இவ்வைரஸின் பரம்பரைக் கூறுகளை ஆராய்ந்ததில் வியக்கத்தக்க ஒன்று வெளிப்பட்டது. சிப்பி தன் அணுக்களைக் காக்க வைத்திருக்கும் ஐ.ஏ.பி. தடைக் கூறுகளுக்கு இனமான ஜீன்களை வைரஸும் தன்னிடம் வைத்திருக்கிறது. கோடை வெயிலைத் தாங்குவதற்காகச் சிப்பியினம் பெருக்கிக்கொண்ட பூட்டுக்கு ஒத்த திறவுகோல் திருடனிடமும் இருப்பதற்கு ஒப்பாகும் இது. 2018ஆம் ஆண்டு வெளியான பிரெஞ்சு ஆராய்ச்சி, நோய்க்கு இடங்கொடுக்கும் சிப்பிக் குடும்பங்களையும் எதிர்க்கும் குடும்பங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தது. எதிர்க்கும் குடும்பங்களில் எதிர்ப்பு ஜீன்கள் முதற் சில மணிகளிலேயே விழித்துக்கொண்டன, வைரஸ் பெருகவில்லை. இடங்கொடுக்கும் குடும்பங்களில் விழிப்பு தாமதமாயிற்று. அதற்குள் வைரஸ் இரத்த அணுக்களில் ஏராளமாய்ப் பெருகிவிட்டது. காவல் குலைந்ததும் அருகிலிருந்த பாக்டீரியாக்கள் உட்புகுந்து உயிரைக் குடித்தன. வைரஸ் கதவைத் திறந்துவிட்டது. கொன்றது பின்னால் வந்த கூட்டம்.

சாக மறுக்கும் அணு

கட்டளைச் சாவு முற்றிலும் நின்றுவிடின் யாது நேரும் என்பதற்கு வட அமெரிக்காவின் கீழ்க்கரையில் சேற்றிற் புதைந்து வாழும் மெல்லோட்டு மட்டி எடுத்துக்காட்டாகும். அதன் இரத்தத்தில் வட்ட வடிவான அணுக்கள் மிகுந்து, இரத்தம் பால்போல் வெளுத்து மட்டி மடிவதை 1970களிலிருந்தே கண்டுவந்தனர். இது இரத்தப் புற்றுநோயை ஒத்தது. சாகச் சொல்லும் காவலனாகிய பி-53 அவ்வணுக்களில் இல்லாமற் போகவில்லை. உட்கருவினுட் புகவொட்டாதபடி 'மார்ட்டலின்' என்னும் வேறொரு புரதம் அதை வெளியே கட்டி வைத்திருக்கிறது. அக்கட்டை மருந்தினால் தளர்த்தியபோது காவலன் உட்கருவிற் புகுவதைப் பரிசோதனைக் கூடத்தில் கண்டனர்.

2015ஆம் ஆண்டில் மெட்ஸ்கர், ரெய்னிஷ், ஷெர்ரி, காஃப் ஆகியோர் வெளியிட்ட முடிவு இதனினும் பெரியது. தொலைதூரக் கரைகளிலிருந்து கொணர்ந்த நோயுற்ற மட்டிகளின் புற்றணுக்களை ஒப்பிட்டதில், அவை தாம் குடியிருந்த மட்டியின் பரம்பரைக் குறிகளை ஒத்திராமல் ஒன்றையொன்று ஒத்திருந்தன. பல ஊர்ப் பட்டிகளில் அகப்பட்ட மாடுகள் யாவும் ஒரே சூட்டுக்குறி தாங்கியிருந்தால், அவை ஒரே சொந்தக்காரனுடையவை என்று தீர்மானிப்பதைப் போல, இவை யாவும் ஒரே மட்டியினின்று என்றோ கிளம்பிய ஒரே அணுவின் வம்சம் என்று அவர்கள் தீர்மானித்தனர். கிருமியால் அன்றி, புற்றணுவே கடல்நீர் வழியே ஒரு மட்டியிலிருந்து மற்றொன்றுக்குப் போய்க் குடியேறுகிறது. அவ்வணுக்களில் 'ஸ்டீமர்' என்று பெயரிடப்பட்ட தாவும் ஜீன் 150 முதல் 300 நகல் வரை பெருகியிருந்தது. நல்ல மட்டியில் அது 2 முதல் 10 வரையே. இப்புற்றணு வம்சம் 200 ஆண்டுகளுக்கு மேற்பட்டது என 2023இல் மதிப்பிட்டனர். அதை முதலில் ஈன்ற மட்டி மாண்டு எத்தனையோ காலமாயிற்று. சாக மறுத்த அதன் அணு இன்னும் கடலில் உலவுகிறது. இதே விதமான தொற்றுப் புற்று வேறு சில மட்டியினங்களிலும் கல்லுமேக்காயின் இனத்திலும் 2016இல் காணப்பட்டது.

இந்நோய்களைப் பற்றிக் கேள்விப்படுவோர் சிப்பியுணவை அஞ்சவேண்டா. மேற்கூறிய வைரஸும், பெர்கின்ஸஸும், மட்டிப் புற்றும் மனிதரைப் பற்றுவனவல்ல. சாக்கடை நீர் கலக்கும் இடத்துச் சிப்பியினால் வரும் கேடு முற்றிலும் வேறானது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இந்நாட்டுக் கரையில்

சாஸ்திரப் பெயரிலேயே சென்னையின் பெயரைத் தாங்கிய உண்ணும் சிப்பி இந்நாட்டுக் கழிமுகங்களில் இயல்பாய் வளர்வது. 1910ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் ஹார்னல் இதை வளர்க்கும் முயற்சியைத் தொடங்கினார். 1970களில் தூத்துக்குடியிலிருந்த மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முறைகளைச் செப்பஞ்செய்தனர். பெர்கின்ஸஸ் இனம் இக்கரைகளுக்கும் அந்நியமன்று. தென்கிழக்குக் கரையின் முத்துச் சிப்பியில் 'பெர்கின்ஸஸ் ஒல்சனி' இருப்பது 2010இலும், தென்மேற்குக் கரையின் உண்ணும் சிப்பியில் அதன் இனமான மற்றொன்று இருப்பது 2012இலும் வெளியிடப்பட்டன. ஒட்டுண்ணி இருத்தல் வேறு, நோயாய்ப் பரவி அழித்தல் வேறு. அமெரிக்காவிற் போன்ற பெருஞ்சேதம் இங்கே நேர்ந்ததாக அவை கூறவில்லை. எனினும் பெர்கின்ஸஸ் ஒல்சனி, சர்வதேசக் கால்நடைச் சுகாதார ஸ்தாபனத்துக்குத் தெரிவிக்கவேண்டிய நோய்களின் பட்டியலில் உள்ளது. ஒரு கழியிலிருந்து மற்றொரு கழிக்கு உயிருள்ள சிப்பியையோ குஞ்சையோ ஆராயாமல் கொண்டுபோய் விடுவதே இத்தகைய நோய்கள் பரவுதற்கு எளிய வழி. கரையோரத்துச் சிப்பிகள் வாய்பிளந்து திரளாய் மடியக் கண்டால், அவற்றை வாரி வேறு நீரில் எறியாமல், மீன்துறையினருக்கு உடனே தெரிவிப்பது கிராம அதிகாரிகள் செய்யத்தக்கது.

விதைத் தேர்வு

ஜீன்களின் பெயரறியாத காலத்திலேயே விதைத் தேர்வினால் நோயை வென்ற வரலாறு ஒன்றுண்டு. அமெரிக்காவின் டெலவேர் வளைகுடாவில் 1957இல் 'எம்.எஸ்.எக்ஸ்.' என்னும் வேறொரு ஒட்டுண்ணி தோன்றி, இரண்டு ஆண்டுகளுக்குள் வளைகுடாவின் கீழ்ப்பகுதிச் சிப்பிப் பாத்திகளில் பத்தில் ஒன்பது பங்கை அழித்தது. ரட்கர்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹெரால்டு ஹாஸ்கின், மாண்டவற்றை எண்ணிக்கொண்டிராமல், மாளாதவற்றைத் தேடி எடுத்தார். எஞ்சிய சிப்பிகளை இணைத்துக் குஞ்சு எடுத்து, அக்குஞ்சுகளை நோயுள்ள நீரிலேயே விட்டு, அதிலும் பிழைத்தவற்றை மீண்டும் இணைத்தார். தலைமுறைக்குத் தலைமுறை எதிர்ப்பு ஏறிற்று. சில தலைமுறைகளில், தேர்வு செய்யாத சிப்பியைவிடப் பன்மடங்கு பிழைக்கும் வம்சங்கள் கிடைத்தன. நோய்கண்ட வயலில் தப்பி நின்ற தூரிலிருந்து கதிர் பொறுக்கும் பழைய வழக்கத்துக்கும் இதற்கும் வேற்றுமை அதிகமில்லை. பிரெஞ்சு தேசத்திலும் பசிபிக் சிப்பியில் வைரஸை எதிர்க்கும் குடும்பங்களை இவ்விதமே பிரித்தெடுத்துள்ளனர். அக்குணம் பெற்றோரிடமிருந்து குஞ்சுகளுக்கு நன்கு இறங்குவதாகத் தெரிகிறது.

ஆயினும் ஒரு நோயை எதிர்ப்பது மற்றொன்றை எதிர்க்கும் என்று கொள்வதற்கில்லை. டெலவேர் வளைகுடாவில் 1990ஆம் ஆண்டு டெர்மோ நோய் வந்து பரவியபோது, எம்.எஸ்.எக்ஸ். நோய்க்கு அஞ்சாத ஹாஸ்கினின் வம்சங்கள் இதற்கு எளிதில் இரையாயின. முதல் ஒட்டுண்ணி இரத்த அணுக்களுக்கு வெளியே இருந்து பெருகுவது. டெர்மோவோ அணுவினுள் புகுந்து அதன் சாவையே தடுப்பது. ஒன்றைத் தடுக்கும் வேலி மற்றதற்கு வேலியாகவில்லை.

ஆதலின் இரண்டு நோய்களும் உள்ள நீரில் ஒருங்கே விட்டுத் தேர்வு செய்யும் வேலை மீண்டும் அடியிலிருந்து தொடங்கப்பட்டது. டெர்மோவைத் தாங்குவது ஒரே ஜீனின் காரியமன்று, பல ஜீன்கள் கூடி விளைவிக்கும் குணம் என்பது இப்போது தெளிவாகியிருக்கிறது. தாங்கும் குடும்பத்துக்கும் தாங்காத குடும்பத்துக்கும் இடையே வேறுபட்டு நடக்கும் ஜீன்களில் உயிரணுச் சாவைச் சேர்ந்தவையும் காணப்படுகின்றன. 69 தடைக் கூறுகளில் எவை வெயிலுக்கு, எவை கிருமிக்கு என்று ஒவ்வொன்றாய்ப் பிரித்தறியும் வேலை நடந்துவருகிறது. அது முடியும்வரையில் வளர்ப்போர் காத்திருப்பதில்லை. நோயுள்ள வளைகுடாவில் கூடைகளை இறக்கி, இரண்டு மூன்று கோடைகள் சென்றபின் திறந்து, எந்தக் குடும்பத்தில் எத்தனை ஓடுகள் மூடியபடி இருக்கின்றன என்று எண்ணியே அடுத்த விதைக்குத் தாய்ச்சிப்பிகளை எடுக்கின்றனர்.